மார்க் டல்லிக்குத் தமிழ் தெரியுமா?

கேள்வி: 4 பிப்ரவரி 2024

எங்கப்பாவுக்கு 71 வயசு. இந்திரா காந்தி சுடப்பட்ட அன்னிக்கு பிபிசியோட தமிழ் ரேடியோ தமிழோசையில, அவங்க டெல்லி நிருபர் மார்க் டல்லியே வந்து தமிழ்ல செய்தி சொன்னார்னு அடிச்சுச் சொல்றார். அதைக் கேட்டுத்தான் ஊர்ல கடையெல்லாம் அடைச்சாங்களாம். நான் பார்த்த வரைக்கும் அந்த ஆள் வெள்ளைக்காரர். அவர் தமிழ் பேசுவாரா? அப்பா சொல்றது நிஜமா? அந்தக் காலத்து ஆளுங்க யாராவது சொல்லுங்க.

4 பிப்ரவரி 2024, இரவு 11.40

தெரியாது. இந்தி பேசுவார், நன்றாகவே பேசுவார். தமிழ் கிடையாது.

ஆனால் அப்பாவைப் பொய்யர் ஆக்கிவிடாதீர்கள். அன்று நானும் கேட்டேன். மார்க் டல்லி குரல்தான், ஆங்கிலத்தில். விவரம் நாளை.

5 பிப்ரவரி 2024

1984இல் நான் தூத்துக்குடிப் பக்கம் உடன்குடி பஜாரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். வயது 19. சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடும் தீபாவளிக்கு ஒரு சட்டையும். முதல் ஒரு வருஷம் டயல் நூல், அதாவது ஸ்டேஷன் காட்டும் முள்ளை இழுக்கும் நூல், மாற்றுவதும் வால்யூம் கண்ட்ரோலில் ஸ்பிரிட் விட்டுக் கரகரப்பு எடுப்பதும்தான். பற்றவைக்கும் இரும்பைக் கையில் கொடுக்கவே கடை முதலாளி அண்ணாச்சிக்கு மனசு வராது.

அன்று புதன்கிழமை. தீபாவளிக் கூட்டம் ஓய்ந்து, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கும் சார் ஒருவர் வேகுவேகு என்று வந்தார். அவருடைய பிலிப்ஸ் செட் எங்களிடம்தான் கிடந்தது, பேண்ட் சுவிட்ச் போய். "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்றார். முடியவில்லை. அண்ணாச்சி தன்னுடைய மர்பியை எடுத்து வைத்து, வேப்பமரத்துக்கு இழுத்திருந்த தாமிரக் கம்பியை அதன் ஏரியலில் சுற்றினார். சார் முள்ளைத் தள்ளித் தள்ளிப் பிடித்தார். ஷார்ட்வேவ் கேட்டவர்களுக்குத் தெரியும், அலை ஏறும், இறங்கும், நடுவில் சீனாக்காரன் பாட்டு வரும். அந்த இரைச்சலுக்கு நடுவில் டெல்லியிலிருந்து ஒரு ஆண் குரல் இங்கிலீஷில் பேசியது. சார் முகம் வெளுத்துவிட்டது. "போயிட்டாங்கய்யா" என்றார்.

யார் சொன்னது என்று அண்ணாச்சி கேட்டார். "துள்ளி."

அவ்வளவுதான். ஷட்டரை இறக்கினோம்.

5 பிப்ரவரி 2024, மதியம்

துள்ளி என்று எழுதியது தட்டச்சுப் பிழை இல்லை. எங்கள் பக்கம் அவர் மார்க் துள்ளிதான். டீக்கடையில் "துள்ளி என்ன சொல்லுதான்?" என்று மரியாதையே இல்லாமல் கேட்பார்கள், சொந்த மச்சானை விசாரிப்பது போல. பஞ்சாபிகளிடம் துலி என்று ஒரு குடும்பப்பெயர் உண்டு. அங்கே எத்தனை பேர் அவரைத் தங்கள் சாதிக்காரர் என்று நினைத்துக்கொண்டார்களோ.

7 பிப்ரவரி 2024

யார் இவர் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிறந்தது கல்கத்தாவில், டாலிகஞ்ச். 1935 அக்டோபர் 24. அப்பா அங்கே ஒரு பிரிட்டிஷ் கம்பெனியில் பங்குதாரர். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு இங்கிலாந்து ஆயா. கார் டிரைவர் எண்ணுவதைப் பார்த்துப் பையனும் இந்தியில் ஒன்று இரண்டு எண்ண ஆரம்பித்தானாம். ஆயா ஒரு அறை விட்டு, அது வேலைக்காரர் பாஷை, உன் பாஷை இல்லை என்றாளாம். அவரே பல பேட்டிகளில் சொன்ன கதை. டார்ஜிலிங்கில் கொஞ்ச காலம் போர்டிங் பள்ளிக்கூடம், பத்து வயதுக்குள் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

கேம்பிரிட்ஜில் இறையியல் படித்தார். பாதிரியார் ஆவதாக எண்ணம். லிங்கன் ஊர் செமினரியில் சேர்ந்து இரண்டு பருவத்தில் வெளியே வந்துவிட்டார். பீருக்கும் பிரசங்கத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்கிற மாதிரி அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். பிறகு முதியோருக்கு வீடு ஏற்படுத்தித் தரும் ஒரு தொண்டு அமைப்பில் நாலு வருஷம். 1964இல் பிபிசி.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. 1965இல் அவர் டெல்லிக்கு வந்தது நிருபராக இல்லை, நிர்வாக வேலைக்கு. பில், கணக்கு, ஆள் சேர்ப்பு. மைக்கைத் தொட்டது அதற்கப்புறம்தான். எனக்கு டயல் நூல் மாதிரி.

7 பிப்ரவரி 2024, இரவு

ஒரு வருஷமா டயல் நூல் என்று நம்பாமல் கேட்டவருக்கு. ஆமாம். அது லேசுப்பட்ட வேலை இல்லை. ஸ்டேஷன் பிடிக்கச் சுழலும் கேங் கண்டன்சர் உருளையில் இரண்டரைச் சுற்று, ஸ்பிரிங்கில் கொக்கி, நூல் ஒரு மயிரிழை தளர்ந்தாலும் முள் திருச்சியைக் காட்டும், ஸ்பீக்கரில் கொழும்பு பேசும்.

10 பிப்ரவரி 2024

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது உறைத்தது. உங்கள் அப்பா சொல்வதில் மொழி மட்டும் இல்லை, மணியும் இடிக்கிறது.

எங்கள் பக்கம் தமிழோசை இரவு 9.15க்கு. 9.45க்கு முடிந்துவிடும். 83 ஜூலை இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு அந்த அரைமணி நேரம் கடற்கரை ஊர்களில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு கொழும்பில் கடை இருந்தது, அல்லது கடை வைத்திருந்த மாமா இருந்தார். எந்தக் கடை எரிந்தது, எந்தக் கடை மிச்சம் என்று கேட்கத்தான் செட்டைச் சுற்றி உட்காருவார்கள்.

இந்திராவைச் சுட்டது காலை 9.20 வாக்கில். ஆகாசவாணி இறந்துவிட்டார் என்று சொன்னது மாலை 6 மணிக்கு. அப்படியென்றால் தமிழோசை ஆரம்பிக்கும்போது ஆகாசவாணியே சொல்லி மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். தமிழோசையைக் கேட்டு ஊர் கடையடைத்தது என்பது நடக்காது, ராத்திரி ஒன்பதே காலுக்கு அடைக்கக் கடை ஏது?

பகலிலேயே தெரிந்ததென்றால் பிபிசி ஆங்கில ஒலிபரப்பு வழியாகத்தான். ஊருக்கு ஒரு இங்கிலீஷ் சார், ஒரு போஸ்ட் மாஸ்டர், ஒரு டாக்டர். அவர்கள் கேட்டு, தமிழில் சொல்லி, அது பஜாருக்கு வந்திருக்கும். அப்பா கேட்ட தமிழ்க்குரல் அவர்களில் ஒருவருடையதாக இருக்கலாம். உங்கள் ஊர் எது?

அன்று ராஜீவ் காந்தி மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். தாய் இறந்ததை அவரே பிபிசியைக் கேட்டுத்தான் உறுதி செய்துகொண்டார் என்பார்கள். கூட இருந்த பிரணாப் முகர்ஜியும் எழுதியிருக்கிறார். அரசாங்க வானொலி கையில் இருக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைக்கே ஷார்ட்வேவ்தான்.

13 பிப்ரவரி 2024

என் முதல் குறிப்பைத் திருத்துகிறேன். திருத்தாமல் விட்டால் இன்னொரு அப்பா உருவாகிவிடுவார்.

அன்று நான் மார்க் டல்லியைக் கேட்கவில்லை.

கேட்டேன் என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். நேற்று நண்பர் ஒருவர் போனில் கூப்பிட்டு, "அண்ணாச்சி, அன்னிக்கு டல்லி டெல்லியிலேயே கிடையாதே" என்றார். போய்ப் பார்த்தேன். சரிதான். அந்தச் செய்தியை முந்திக் கொடுத்தது பிபிசி டெல்லி அலுவலகத்தின் சதீஷ் ஜேக்கப். எய்ம்ஸ் மருத்துவமனைக்கு ஓடி, உள்ளே இருந்தவர்கள் வாயிலிருந்து விஷயத்தைப் பிடுங்கி, லண்டனுக்குப் போனில் சொன்னவர் அவர். டல்லி வெளியூரில் இருந்தார்.

நான் கேட்ட குரல் யாருடையது? ஜேக்கப் குரலா, லண்டனில் செய்தி வாசித்தவர் குரலா? டெல்லியிலிருந்து பேசியது என்றுகூட எழுதியிருக்கிறேன். அன்று எனக்கிருந்த இங்கிலீஷுக்கு டெல்லிக்கும் டப்ளினுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. சார் துள்ளி என்றார், அதனால் துள்ளி. அதற்குப் பிறகு டல்லி குரலை எத்தனையோ தடவை கேட்டாயிற்று. அந்தக் குரலை எடுத்துக் கொண்டுபோய் அந்த மதியத்தில் ஒட்டவைத்திருக்கிறேன்.

சதீஷ் ஜேக்கப் பெயரை எங்கள் டீக்கடையில் ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லை.

13 பிப்ரவரி 2024, சற்றுக் கழித்து

இதில் டல்லி மேல் தப்பு இல்லை. அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் ராணுவம் போனதைப் பற்றிய 1985 புத்தகத்தில் ஜேக்கப் பெயரும் சேர்ந்தே அட்டையில் இருக்கிறது. வாசலில் நின்று துள்ளி துள்ளி என்று கத்தியது நாங்கள்.

16 பிப்ரவரி 2024

ஒரு செய்தி டெல்லியிலிருந்து உடன்குடிக்கு எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். நிருபர் போனில் லண்டனுக்குச் சொல்கிறார், லைன் கிடைத்தால். லண்டனில் புஷ் ஹவுஸ் என்கிற கட்டடம், அங்கே செய்தி அறை. அங்கிருந்து ஆங்கில வாசகம் மொழிப் பிரிவுகளுக்குப் போகிறது. தமிழ்ப் பிரிவில் ஒருவர் உட்கார்ந்து அதைத் தமிழாக்குகிறார், இன்னொருவர் வாசிக்கிறார். வாசித்தது சிங்கப்பூரிலோ, ஓமான் பக்கம் மசீரா தீவிலோ இருந்த அஞ்சல் நிலையம் வழியாக மறுபடி வானத்தில் ஏறி, எங்கள் வேப்பமரத்தில் இறங்குகிறது. டெல்லிக்கும் எங்களுக்கும் நடுவில் ரயிலில் போனால் இரண்டு நாள். செய்தி லண்டனைச் சுற்றிக்கொண்டு வந்தது.

தமிழோசையில் "எமது டெல்லி செய்தியாளர் மார்க் டல்லி தெரிவிக்கிறார்" என்று தமிழ்க்குரல் ஒன்று சொல்லும். பின்னால் அவர் இங்கிலீஷ் கொஞ்சம் ஓடித் தேய்ந்ததும் தமிழ் மேலே ஏறும். கேட்கிறவன் காதில் இரண்டும் ஒரே ஆளாகிவிடும். ஆக, உங்கள் அப்பா கேட்ட "மார்க் டல்லி தமிழ்" முழுக் கற்பனை இல்லை. நாள்தான் வேறாக இருக்கும்.

முன்பே இது தோன்றியிருந்தால் பத்தாம் தேதி அவ்வளவு நீளமாக எழுதியிருக்க வேண்டாம்.

17 பிப்ரவரி 2024

எமர்ஜென்சி பற்றிக் கேட்டவருக்கு.

1975 ஜூனில் நான் பத்து வயதுப் பையன். எனக்கு நினைவிருப்பது, அப்பா செட்டின் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டது. தமிழ்நாட்டில் 76 ஜனவரி 31இல் திமுக ஆட்சியைக் கலைக்கும்வரை கெடுபிடி அவ்வளவாக இல்லை, அதற்கப்புறம்தான் பயம். போஸ்டாபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகம் வாங்கித்தான் ரேடியோ வைத்திருப்போம். லைசென்ஸ் பார்க்க வரும் ஆள் எந்த ஸ்டேஷனில் முள் நிற்கிறது என்றும் பார்ப்பான் என்று அம்மா நம்பினாள். கேட்டு முடித்ததும் முள்ளைத் திருநெல்வேலிக்குத் திருப்பி வைப்பாள்.

தணிக்கைக்குக் கட்டுப்படுகிறேன் என்று வெளிநாட்டு நிருபர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். பிபிசி மாட்டேன் என்றது. டல்லி நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1977இல்தான் திரும்பினார்.

அதற்கு முன்னால் நடந்த ஒரு கதைதான் இந்த இழைக்கு முக்கியம். எமர்ஜென்சி அறிவித்த மறுநாளோ என்னவோ, தகவல் ஒலிபரப்பு அமைச்சர் ஐ.கே. குஜ்ராலுக்கு இந்திராவின் நெருங்கிய வட்டாரத்திலிருந்து ஒரு போன். மூத்த மந்திரிகள் ராஜினாமா, வீட்டுக்காவல் என்றெல்லாம் மார்க் டல்லி பிபிசியில் சொல்லிவிட்டான், ஆளைப் பிடித்து, கால்சட்டையை அவிழ்த்து, நாலு விளாசு விளாசி உள்ளே தள்ளுங்கள் என்று. குஜ்ரால், அது என் துறை வேலை இல்லை, உள்துறையிடம் சொல்லுங்கள் என்றாராம். பிறகு வெளிநாட்டு ஒலிபரப்புகளைக் கேட்டுக் குறித்து வைக்கும் பிரிவில் விசாரித்தார். அப்படி ஒரு செய்தியை பிபிசி சொல்லவே இல்லை. குஜ்ராலே பிற்பாடு சொன்னது இது.

டல்லி சொல்லாததைச் சொன்னதாகக் கேட்டது உங்கள் அப்பாவும் நானும் மட்டும் இல்லை. பிரதமர் வீட்டைச் சுற்றி இருந்தவர்களுக்கும் அதே காதுதான்.

18 பிப்ரவரி 2024

அதே 84இல் எங்கள் ஊரில் நடந்தது. அக்டோபர் 5ஆம் தேதி எம்ஜிஆரை அப்பல்லோவில் சேர்த்தார்கள், நவம்பர் 5ஆம் தேதி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். இடையில் இந்திரா. அந்த ஒரு மாதம் நாங்கள் விற்ற எவரெடி செல்லுக்குக் கணக்கில்லை. கட்டை மாதிரி நாலு சிவப்புச் செல், இரண்டு நாளில் தீர்ந்துவிடும். வெயிலில் காயப்போட்டு மறுபடி போடுவார்கள்.

வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஓடிவருவான். "தலைவர் போயிட்டாராம், பிபிசியிலேயே சொல்லிட்டான்." எத்தனை மணிக்குச் சொன்னான் என்று அண்ணாச்சி கேட்பார். பதில் இருக்காது. "நீ கேட்டியா?" "இல்ல, பக்கத்து வீட்ல." பக்கத்து வீட்டில் கேட்டால் அதற்கடுத்த வீடு. கடைசியில் ரேடியோவே இல்லாத ஒரு வீட்டில் போய் நிற்கும். இதை வைத்து அண்ணாச்சி ஒரு சோதனையே கண்டுபிடித்திருந்தார், எந்த மீட்டரில் கேட்டாய் என்பார். 31 மீட்டர் என்று டக்கென்று சொன்னால் மட்டும் செட்டைப் போடுவார்.

எம்ஜிஆர் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே ஆண்டிபட்டியில் ஜெயித்து, பிப்ரவரியில் திரும்பி வந்தார். புரளி சொன்ன ஆட்களே மெட்ராஸுக்கு லாரி பிடித்துப் பார்க்கப் போனார்கள்.

18 பிப்ரவரி 2024

"எந்த மீட்டரில் கேட்டாய்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதுக்குக் கேட்க முடியவில்லையே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் அதைத்தான் எழுத வந்தேன். முந்திக்கொண்டீர்கள்.

24 பிப்ரவரி 2024

தொலைக்காட்சி பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்கிறார்கள்.

எங்கள் பக்கம் டிவி என்றாலே முதலில் ரூபவாஹினிதான். மெட்ராஸ் தூர்தர்ஷன் எட்டாது, கடல் தாண்டிக் கொழும்பு எட்டும். நாற்பதடி குழாயில் ஆண்டெனா ஏற்றி, கீழே நின்று ஒருத்தன் "திருப்பு, இன்னும் திருப்பு, அய்யோ போச்சு" என்று கத்த வேண்டும். 80களின் பாதியில் என் பிழைப்பு அதுவாகிவிட்டது. ரேடியோ ஆண்டவன், டிவி அரசன் என்பார் அண்ணாச்சி. அரசன்தான் கூலி கொடுப்பான்.

டல்லி டிவிக்கும் செய்தவர். டெல்லி அலுவலகத்துக்கு இருபது வருஷம்போலத் தலைவர், இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம் எல்லாம் அவர் எல்லை. 79இல் புட்டோவைத் தூக்கில் போட்டபோதும் அவர்தான். 71 போர் நாட்களில் அவரைக் கேட்டவர்கள் இன்றும் வங்கதேசத்தில் உண்டு. அந்த அரசாங்கம் 2012இல் கூப்பிட்டு விருது கொடுத்தது. ஆனாலும் ரேடியோ நிருபராக இருந்தவரை அவர் முகம் பெரிய கூட்டத்துக்குத் தெரியாது. தெரிந்ததன் விலை 1992 டிசம்பர் 6.

அன்று அயோத்தியில் நின்று, கூட்டம் பாபர் மசூதியின் மேல் ஏறுவதைப் பார்த்தார். ஊரில் போன் லைன் அறுந்து கிடந்தது. காரை எடுத்துக்கொண்டு பைசாபாத் போய், அங்கிருந்து போனில் செய்தி கொடுத்தார். முதல் செய்திகளில் ஒன்று அது. கொடுத்துவிட்டுத் திரும்பி வந்திருக்க வேண்டாம், வந்தார். கூட்டம் பிடித்துக்கொண்டது. பிபிசி ஒழிக, மார்க் டல்லி ஒழிக. கூட வந்த இந்தியப் பத்திரிகையாளர்களையும் சேர்த்து ஒரு அறையில் போட்டு அடைத்தார்கள். சில மணி நேரம் கழித்து, உள்ளூர் அதிகாரி ஒருவரும் ஒரு கோயில் மகந்தும், அதாவது தலைமைப் பூசாரியும், வந்து வெளியே எடுத்துவிட்டார்கள்.

இங்கே அதற்குள் கேபிள் வந்திருந்தது. 91 கடைசியில் ஸ்டார் டிவியோடு சேர்ந்து பிபிசியும் டிஷ்ஷில் இறங்கியது. அதற்கு மாட்டிய டிஷ்களில் நாலைந்து என் கையால் மாட்டியவை. தூர்தர்ஷன் காட்டாததை பிபிசி காட்டியது. படத்தைப் பார்த்துக் கொதித்தவர்களும் உண்டு, படத்தைக் காட்டியவன் மேல் கொதித்தவர்களும் உண்டு. ரேடியோவில் அவர் சொன்னபோது யாரும் செட்டை உடைத்ததாக நான் கேட்டதில்லை.

24 பிப்ரவரி 2024, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். "முகம் தெரிந்ததன் விலை" என்பது கொஞ்சம் அவசரம். பிபிசி மேல் கோபம் பல வருஷமாக வடக்கே இருந்தது, பொற்கோயில் நாளிலிருந்தே. டிவி வராமல் இருந்திருந்தாலும் அந்தக் கூட்டம் அவரை விட்டிருக்காது. டிவி மெக்கானிக் என்பதால் எல்லாவற்றையும் டிவி மேல் போடுகிறேன் போல.

2 மார்ச் 2024

"வெள்ளைக்காரன் நமக்குச் செய்தி சொல்லணுமா, இதுல பெருமை வேற" என்று ஒருவர் காய்ச்சியிருக்கிறார். பாதி ஒத்துக்கொள்கிறேன்.

1991இல் வந்த அவருடைய கட்டுரைப் புத்தகத்தில், இந்தியாவை மேற்கத்தியக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்காதீர்கள், இங்கிலீஷ் படித்த இந்தியர்களும் அந்தக் கண்ணாடியைத்தான் போட்டிருக்கிறார்கள் என்று எழுதினார். சரி. ஆனால் அதே வேகத்தில், சாதி மனிதனுக்கு ஒரு அடையாளமும் ஆதரவும் தருகிறது, முழுக்கத் தீமை என்று சொல்லிவிட முடியாது என்றும் போகிறார். எங்கள் ஜில்லாவில் சாதி யாருக்கு என்ன ஆதரவு தந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் கடைக்குச் செட்டைக் கொண்டுவந்து, படிக்குக் கீழேயே நின்று, கையை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர்களுக்கும் துள்ளி குரல்தான் வேண்டும். அவர் கண்ணில் அவர்கள் எப்படிப் பட்டார்கள் என்று படித்தபோது மனசு ஒரு மாதிரி ஆயிற்று. ஒரு ஊரை ரொம்ப நேசித்தால் அதன் சாக்கடைகூட மணக்கும் போல.

அதே ஆள் 1992இல் பத்மஸ்ரீ, 2002இல் பிரிட்டனின் சர் பட்டம், 2005இல் பத்மபூஷன். துரத்திய நாடும் கொடுத்தது, அனுப்பிய நாடும் கொடுத்தது.

3 மார்ச் 2024

ஒன்றைச் சேர்க்க மறந்தேன். ஆயாவிடம் அறை வாங்கிய பையன் பெரியவனாகி டெல்லியில் இந்தியில் பேசினால், எதிரே இருப்பவர் இங்கிலீஷில் பதில் சொல்வாராம். இதை அவர் குறையாகவே சொல்லித் திரிந்தார். ஆயா தோற்கவில்லை, வேலையை நம் ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

9 மார்ச் 2024

பிபிசியை விட்டு ஏன் போனார்? சண்டை. 1993 ஜூலையில் பர்மிங்ஹாமில் ஒரு வானொலி மாநாட்டில் பேசும்போது, தலைமை இயக்குநர் ஜான் பிர்ட்டின் நிர்வாகத்தில் ஊழியர்கள் பயந்து கிடக்கிறார்கள் என்று மேடையிலேயே போட்டு உடைத்தார். அடுத்த ஜூலையில் ராஜினாமா. ரயில் பைத்தியம் வேறு, கராச்சியிலிருந்து கைபர் கணவாய்வரை ரயிலில் போய் பிபிசிக்கே ஒரு டிவி படமும் செய்தார். பாதிரி ஆகாமல் போன மனிதர் 1995இலிருந்து 2019வரை பிபிசி ரேடியோ 4இல் ஞாயிற்றுக்கிழமைதோறும் இசையும் கவிதையும் ஆன்மிகமும் கலந்த ஒரு நிகழ்ச்சியில் பேசினார். லிங்கன் செமினரியில் கிடைக்காத பிரசங்க மேடை ரேடியோவில் கிடைத்தது. ஊருக்குத் திரும்பவில்லை. டெல்லி நிஜாமுதீனிலேயே தங்கிவிட்டார்.

எனக்கு அந்த மேடைப் பேச்சில் ஒரு பொறாமை. கணக்கு எழுதத் தொடங்கிய இடத்தில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போவது. நான் வேலை பழகிய கடையில் ஆறு வருஷம் இருந்தேன். கிளம்பும்போது அண்ணாச்சியிடம் சொல்ல நிறைய இருந்தது. "போயிட்டு வாரேன்" என்றேன்.

9 மார்ச் 2024

அது அண்ணாச்சி மேல் குறை இல்லை. நல்ல மனுஷன். சம்பளம்தான் தரவில்லை.

15 மார்ச் 2024

ராஜீவ் செய்தியை யார் எப்படிக் கேட்டீர்கள் என்று பேச்சு திரும்பியிருக்கிறது. நான் சொல்வது ஒன்றுதான். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர், இரவு 10.20 வாக்கில். தமிழோசை அன்றைக்கு முடிந்து அரைமணிக்கு மேல் ஆகிவிட்டது. "குண்டு வெடிச்சதும் தமிழோசையில் கேட்டேன்" என்று எழுதிய மூன்று பேரும் மறுபடி ஒருமுறை யோசித்துப் பாருங்கள். திட்டவில்லை, நானே நாற்பது வருஷம் ஏமாந்தவன்.

21 மார்ச் 2024

கேள்வி கேட்ட தம்பி ஆளையே காணோம். அப்பாவிடம் 16ஆம் தேதிக் குறிப்பை மட்டும் படித்துக் காட்டுங்கள், 10ஆம் தேதியது வேண்டாம். அவர் கேட்டது பொய் என்று நான் சொன்னதாக ஆகக்கூடாது.

2017 ஏப்ரல் 30ஆம் தேதி தமிழோசை சிற்றலை ஒலிபரப்பு நின்றது. அன்று ராத்திரி பரணிலிருந்து ஒரு மர்பியை இறக்கினேன். அண்ணாச்சி போனபிறகு அவர் மகன் "நீயே வச்சுக்கோ" என்று கொடுத்தது, அந்த மதியம் வேப்பமரக் கம்பியில் கட்டிய அதே செட். ஒரு கெப்பாசிட்டர் மாற்ற வேண்டியிருந்தது, அந்த மதிப்பில் கடையில் இல்லை, பழைய டிவி போர்டிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டேன். 9.15க்கு வந்தது. மொட்டை மாடியில் நானும் மகளும் மட்டும். முடிந்ததும் அவள், "இதுக்கா ஊரே உட்கார்ந்திருந்தீங்க, பாதி காதுலயே விழலையே" என்றாள்.

விழாத பாதியை சார் சொல்லுவார் என்றேன்.

தம்பி, அப்பாவிடம் இரண்டே கேள்வி. அன்று பகலா ராத்திரியா? செட் யாருடையது, என்ன மாடல்?

22 மார்ச் 2024

பதில் போட்டுவிட்டார், நன்றி. பகல். மளிகைக் கடை வாசல். செட் புஷ், கடைக்காரருடையது. கேட்டுச் சொன்னவர் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர், நல்ல கணீர் குரல் என்கிறார் அப்பா.